குளிர்காலத்தில் மோட்டார்ஹோமை இறுக்கி மூடி வைக்காதீர்கள்

இங்கிலாந்தில் மோட்டார்ஹோம் (படுக்கை, சமையலறையோடு வரும் பயண வண்டி) பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறேன். மார்ச் பிறந்தால் எங்கள் பட்டறைக்கு ஒரே வகை வண்டிகள் வரிசையாக வரும். கதவைத் திறந்த உடனேயே மணம் சொல்லிவிடும், இது குளிர்காலம் முழுக்கப் பூட்டிக் கிடந்த வண்டி என்று.

அப்படி வந்த ஒன்று இன்னும் மனதில் நிற்கிறது. நம்மவர் ஒருவரின் வண்டி. கோடையில் பிள்ளைகளோடு ஸ்காட்லாந்து போய் வந்தவர், நவம்பரில் அதைக் கழுவித் துடைத்து, காற்றுத் துவாரங்கள் எல்லாவற்றிலும் டேப் ஒட்டி, பிளாஸ்டிக் தார்ப்பாயால் இறுகப் போர்த்தியிருந்தார். நாலு மாதம் கழித்துத் திறந்தால் மெத்தையின் அடிப்பக்கம் கறுப்புப் பூஞ்சணம், அலுமாரிக் கதவுகள் வீங்கி மூட முடியாத நிலை. “குளிர் போகாமல் வடிவா மூடித்தானே தம்பி வைச்சனான்” என்றார். அந்த அக்கறைதான் வண்டியைக் கெடுத்தது என்று அவரிடம் சொல்லக் கஷ்டமாக இருந்தது.

20 பாகை செல்சியஸில் ஒரு கன மீற்றர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். 5 பாகையில் 7 கிராம்கூடத் தாங்காது. மிச்சம் எங்கே குளிர் அதிகமோ அங்கே நீராகப் படியும். பெரும்பாலான வண்டிகளில் ஓட்டுநர் பகுதிக் கண்ணாடி ஒற்றைக் கண்ணாடிதான், அதனால் முதலில் அழுவது அதுதான். கண்ணுக்குத் தெரியும் அந்த நீரைத் துடைத்துவிடலாம். மெத்தைக்கும் பலகைக்கும் நடுவே, அலுமாரியின் பின்சுவரில் படிவதை யார் துடைப்பது?

இருவர் ஓர் இரவு உள்ளே தூங்கினால் மூச்சிலும் வியர்வையிலும் மட்டும் சுமார் அரை லிட்டர் நீர் காற்றில் கலக்கிறது. அடுப்பு அதைவிட மோசம்: ஒரு கிலோ புரோப்பேன் எரிந்தால் 1.6 கிலோ நீராவி வரும். குளிர் காய்வதற்காக அடுப்பை எரிய விடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஈரம் ஒரு பக்கம், கார்பன் மொனொக்சைட் உயிரையே எடுத்துவிடும். வண்டியோடு பொருத்தி வரும் எரிவாயு ஹீட்டர் வெளிக்காற்றை எடுத்து எரித்து, புகையையும் வெளியே தள்ளுவது. அதன் சூடு உலர்ந்த சூடு. இரவு முழுக்க அதைக் குறைத்து ஓட விட்டு, கூரை யன்னலை ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள். முன்கண்ணாடிக்கான வெப்பத் திரையை வெளிப்பக்கமாகப் போட்டால் கண்ணாடி அவ்வளவு குளிராது, நீரும் குறைவாகவே படியும். உள்ளே போடும் திரையில் அந்தப் பலன் இல்லை.

தரையிலும் கூரையிலும் உள்ள நிரந்தரத் துவாரங்களை எந்தக் காலத்திலும் அடைக்கக் கூடாது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் கீழே இறங்கி அந்தத் தரைத் துவாரங்களால்தான் வெளியேற வேண்டும்.

நிறுத்தி வைக்கும்போது மெத்தைகளைச் சுவரில் முட்டாமல் நிமிர்த்தி வையுங்கள். அலுமாரிகள், குளிர்சாதனப் பெட்டி எல்லாம் திறந்தே இருக்கட்டும். போர்த்துவதென்றால் காற்று புகும் துணிதான். அப்புறம், தண்ணீரை முழுதாக இறக்க வேண்டும். உறையும்போது நீர் ஒன்பது வீதம்வரை பெருத்துக் குழாய்களை வெடிக்க வைக்கும். அந்த வெடிப்பே வசந்தத்தில் ஒழுக்காக மாறும். தண்ணீர்க் குழாய்களைத் திறந்து விடும்போது, ஒற்றைப் பிடி உள்ளவற்றில் பிடியை மேலே தூக்கி நடுவில் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் ஒரு பக்கக் குழாயில் நீர் தங்கிவிடும். ட்ரூமா என்ற நிறுவனத்தின் கொதிகலன் உள்ள வண்டியில் 3 பாகை அளவில் உறைபனி வால்வு தானாகத் திறந்து நீரைக் கீழே விடும். ஒழுகுகிறதென்று பதற வேண்டாம், அது அதன் வேலை.

இதெல்லாம் உள்ளே உருவாகும் ஈரம். எனக்கு உண்மையில் பயம் தருவது வெளியிலிருந்து வருவது. பெரும்பாலான வண்டிகளின் சுவர் பல அடுக்குகள் சேர்ந்தது: வெளியே அலுமினியமோ கண்ணாடி இழையோ, நடுவில் வெப்பக்காப்பு நுரையும் பல வண்டிகளில் மரச்சட்டமும், உள்ளே ஒட்டுப்பலகை. பொருத்துகளில் உள்ள சீலன்ட் (நீர் புகாமல் அடைக்கும் பசை) வருடக்கணக்கில் காய்ந்து சுருங்கும். கூரை யன்னல், வெய்யில் மறைப்பின் தண்டவாளம், பின்விளக்கு, மூலைச் சிறுவிளக்கு என்று திருகாணி போன எந்த இடமும் நீருக்கு வழிதான். கூரையில் நுழைந்த நீர் சட்டத்தோடு ஓடி ஒரு மீற்றர் தள்ளிக் கறையாக எட்டிப் பார்க்கும். கறை உள்ள இடத்தில் மட்டும் பூசினால் பயனில்லை. ஈரமானியில் 15 வீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. 20 தாண்டினால் தேட வேண்டும். 30க்கு மேல் என்றால் பலகை ஏற்கனவே மெதுத்திருக்கக்கூடும். சுவரை விரலால் அழுத்திப் பாருங்கள், அமுங்கினால் காத்திருக்காதீர்கள்.

அந்த அண்ணாவின் வண்டியில் அலுமாரிக்குப் பின்மூலை 34 காட்டியது. கழற்றிப் பார்த்தால் பின்பக்க மூலைச் சிறுவிளக்கின் ரப்பர் வெடித்திருந்தது. சில பவுண் பெறுமதியான ரப்பர். தார்ப்பாய் போடுவதற்கு முந்தைய மழைகளிலேயே நீர் இறங்கியிருக்க வேண்டும். துவாரங்களையும் அடைத்ததால் அது காயவே இல்லை. மரச்சட்டத்தின் ஒரு பகுதியையே வெட்டி மாற்ற வேண்டி வந்தது.

இப்போது அவர் ஒக்டோபர் தொடக்கத்திலேயே வண்டியோடு வந்துவிடுகிறார். அந்த நேரம்தான் சரி. சீலன்ட் பிடிக்கக் காய்ந்த மேற்பரப்பும் ஓரளவு சூடும் வேண்டும். டிசம்பர் ஈரத்தில் வெளியே நின்று பூசினால் பிடிக்காது.