காலை பத்து மணி ரத்தத்தில் வளர்ச்சி ஹார்மோனைத் தேடாதீர்கள்

மறுபடியும் அதே அறிக்கை. பதினோரு வயதுப் பையன், வகுப்பில் எல்லாரையும்விடக் குள்ளம். பெற்றோர் தாங்களாகவே ஆய்வகத்துக்குப் போய், காலை பத்து மணிக்கு ரத்தம் கொடுத்திருக்கிறார்கள். வளர்ச்சி ஹார்மோன் 0.1. பக்கத்தில் இயல்பளவு '10 வரை' என்று அச்சாகியிருக்க, அந்த 0.1-ஐப் பேனாவால் வட்டமிட்டுக் கொண்டுவந்திருக்கிறார் அப்பா. "ஊசி எப்போது ஆரம்பிக்கலாம் டாக்டர்?"

பத்து வரை என்றால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருப்பதும் இயல்புதானே! இந்த ஹார்மோன் நாள் முழுக்க ஒரே சீராகச் சுரப்பதில்லை. விட்டுவிட்டு, அலை அலையாக வரும். நாளின் மிகப் பெரிய அலை பெரும்பாலும் தூங்கிய முதல் ஒரு மணி நேரத்தில், ஆழ்ந்த உறக்கம் பிடிக்கும்போது எழும். ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய ஏறக்குறைய இருபது நிமிடம் போதும். இரண்டு அலைகளுக்கு நடுவே ரத்தம் எடுத்தால் ஆரோக்கியமான குழந்தைக்கும் 0.1தான் வரும். இரவில் ஒரு மணி நேரம் மட்டும் தண்ணீர் விடும் தெருவில், நண்பகலில் குழாயைத் திறந்துவிட்டு 'ஏரி வற்றிவிட்டது' என்று சொல்வது போன்றது இது. இந்தப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதித் தருபவர்கள் சில சமயம் எங்கள் தொழில்காரர்களே என்பதுதான் கூடுதல் எரிச்சல்.

மூளையின் ஹைபோதலாமஸ் என்ற பகுதியிலிருந்து வரும் ஒரு ஹார்மோன் இந்தச் சுரப்பைத் தூண்டும், சொமட்டோஸ்டாட்டின் என்ற இன்னொரு ஹார்மோன் அதை அடக்கும். உறக்கம் ஆழமாகும்போது தூண்டுதலின் கை ஓங்குகிறது. 'இரவு பத்திலிருந்து இரண்டு வரைதான் சுரக்கும், அதற்குள் தூங்காவிட்டால் வளரமாட்டாய்' என்று பிள்ளைகளை மிரட்டுவதையும் நிறுத்துங்கள். உறங்கப் போவதைத் தள்ளிப்போட்டால் அந்த அலையும் தள்ளிப்போகிறது என்று ஆய்வாளர் டகஹாஷியும் சகாக்களும் 1968-லேயே காட்டிவிட்டார்கள். சுவர்க் கடிகாரத்தைவிட உறக்கத்துக்கே இந்தச் சுரப்பு அதிகம் கட்டுப்படுகிறது. திருவிழாவில் ஓர் இரவு விழித்திருந்ததால் யாரும் குள்ளமாகிவிடுவதில்லை.

குறைபாடு உண்மையிலேயே இருக்கிறதா என்று அறிய மருந்து கொடுத்துச் சுரப்பைத் தூண்டி, இடைவெளி விட்டுப் பலமுறை ரத்தம் எடுப்போம். அதுவும் வளரும் வேகம், எலும்பு எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்று காட்டும் எலும்பு வயது எக்ஸ்ரே, வளர்ச்சி ஹார்மோன் தூண்டுவதால் உடலில் உருவாகும் ஐஜிஎஃப்-1 என்ற பொருளின் அளவு எல்லாம் பார்த்த பிறகுதான். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஆறு மாதத்துக்கு ஒருமுறை, செருப்பில்லாமல், அதே சுவரில் உயரத்தைக் குறித்துவையுங்கள். பள்ளி வயதில் ஆண்டுக்கு ஐந்து சென்டிமீட்டர் வளர்ந்தால் கவலை வேண்டாம். நான்குக்கும் குறைந்தால் உடனே வாருங்கள். உயரம் கூட்டும் மாவு டப்பாவுக்குச் செலவழிக்காதீர்கள்.

அந்தப் பையன் வாயைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தான். குறட்டை உண்டா என்றேன். "அது அவன் தாத்தா மாதிரி" என்று அம்மா சிரித்தார். தயவுசெய்து சிரிக்காதீர்கள். மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையோ தொண்டையில் இருக்கும் டான்சிலோ பெருத்து மூச்சை அடைத்தால் உறக்கம் துண்டுதுண்டாகும், வளர்ச்சியும் பின்தங்கலாம். அடைப்பை நீக்கியபின் வேகமாக வளரத் தொடங்கும் பிள்ளைகள் உண்டு. தினமும் குறட்டை விடும் பிள்ளையைத் தூக்கத்தில் இரண்டு நிமிடம் கைபேசியில் படமெடுத்து வாருங்கள், சட்டையைக் கழற்றிவிட்டு; நெஞ்சு எப்படி ஏறி இறங்குகிறது என்று நான் பார்க்க வேண்டும்.