இடைவெளிக்குப் பிறகு ஜிம்: உடம்பில் எது முதலில் திரும்பும்?

ஆறு மாதமோ ஒரு வருடமோ ஜிம் பக்கமே போகாமல் இருந்துவிட்டுத் திரும்புகிறவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். சிலர் விட்ட இடத்திலிருந்தே பிடிக்கிறார்கள்: பழைய நோட்டு, நாளுக்கொரு தசை என்று பிரித்த அதே ஐந்து நாள் ஸ்ப்ளிட், எடைக் கம்பியான பாரில் அதே எடைத் தட்டுகள். மற்றவர்கள் எல்லாம் போய்விட்டது என்று முடிவுகட்டி, இன்றுதான் சேர்ந்தவரைப் போல அரிச்சுவடியிலிருந்து தொடங்குகிறார்கள். இரண்டுமே தப்புக் கணக்கு. உடம்பு மொத்தமாக ஒரே வேகத்தில் இறங்குவதில்லை. மூச்சு ஒரு வேகத்தில் போகிறது, பலம் வேறொரு வேகத்தில் போகிறது. திரும்பி வரும்போதும் ஒவ்வொன்றுக்கும் தனி வேகம். எந்த ஒர்க்அவுட் திட்டத்தை எடுப்பது என்ற கேள்வியை இந்த வேக வித்தியாசத்தை வைத்துத்தான் தீர்க்க முடியும்.

முதலில் போவது மூச்சு. நீண்ட நாள் பயிற்சி எடுத்த விளையாட்டு வீரர்களை அதை நிறுத்தச் சொல்லி, 1984இல் எட்வர்ட் கோய்லும் அவருடைய குழுவினரும் அளந்து பார்த்தார்கள். உடம்பு அதிகபட்சமாக எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் முதல் 3 வாரத்திலேயே சுமார் 7 சதவீதம் குறைந்தது. 12 வார முடிவில் 16 சதவீதம். ஆரம்ப இறக்கத்தில் நுரையீரலுக்குப் பெரிய பங்கு கிடையாது. இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா குறைகிறது. அதனால் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே தள்ளும் இரத்தம் குறைகிறது, அதை ஈடுகட்ட வேகமாக அடித்துக்கொள்கிறது. தசைக்குள் ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெரும்பாலும் அப்படியே இருந்தன. பிளாஸ்மா சீக்கிரம் போவதைப் போலவே சீக்கிரம் திரும்பியும் வரும்; சில நாள் பயிற்சியிலேயே கூடத் தொடங்கிவிடும். ஆகவே முதல் வாரம் டிரெட்மில்லில் ஐந்தாவது நிமிடமே மூச்சு வாங்குகிறது என்பதற்காக மனம் விட்டுப்போக வேண்டியதில்லை.

படுத்த படுக்கையாக இருந்துவிட்டு வருகிறவர்களின் நிலை வேறு. 1966இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் 20 வயது இளைஞர்கள் ஐந்து பேரை 3 வாரம் படுக்கையிலேயே வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 30 ஆண்டுகள் கழித்து அதே ஐவரையும் மறுபடி அளந்தபோது, முப்பது வருட முதுமை குறைத்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை அவர்களுடைய உடல்திறனை அதிகமாகக் குறைத்திருந்தது தெரிந்தது. ஜிம்முக்குப் போகாமல் வேலை, வீடு, நடை என்று இருந்தவருக்கும் காய்ச்சலில் கிடந்தவருக்கும் ஒரே திட்டம் பொருந்தாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

பலம் இவ்வளவு அவசரமாக ஓடிப்போவதில்லை. மூன்று நான்கு வாரம் விட்டாலும் பெரும்பாலானவர்களுக்குத் தூக்கும் எடையில் பெரிய வீழ்ச்சி தெரியாது. பலத்தில் ஒரு பெரிய பங்கு தசையின் பருமனைப் பொறுத்தது அல்ல. எத்தனை தசை இழைகளை எவ்வளவு ஒருங்கிணைத்து இயக்குவது என்று நரம்பு மண்டலம் கற்றுக்கொண்ட பழக்கத்தைப் பொறுத்தது. அந்தப் பழக்கம் லேசில் மறக்காது. ‘இரண்டே வாரத்தில் கை இளைத்துவிட்டது’ என்று கண்ணாடி முன்னால் நின்று கவலைப்படுகிறவர்கள் பெரும்பாலும் தண்ணீரைத்தான் இழந்திருக்கிறார்கள். பயிற்சி செய்யும் தசை கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பை அதிகமாக வைத்திருக்கும்; அதில் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைக் கூடவே பிடித்து வைக்கிறது. சேமிப்பு குறைந்தால் தண்ணீரும் போகிறது, தசை தட்டையாகத் தெரிகிறது. மீண்டும் பயிற்சி தொடங்கினால் முதலில் நிரம்புவதும் இதுவே.

மாதக்கணக்கில் விட்டால் தசை உண்மையிலேயே சிறுக்கிறது. ஆனாலும் அது பழைய நிலைக்கே போய்விடுவதில்லை. தசை இழை என்பது நீண்டு கிடக்கும் ஒரே செல். மற்ற பெரும்பாலான செல்களுக்கு ஓர் உட்கரு என்றால் இதற்கு நூற்றுக்கணக்கில், சில இழைகளில் ஆயிரக்கணக்கில் உண்டு. இழையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு சும்மா கிடக்கும் துணைச் செல்களை 1961இல் அலெக்சாண்டர் மௌரோ கண்டறிந்தார். தசைக்குப் பளு கூடும்போது இவை பெருகி, இழையோடு கலந்து, தங்கள் உட்கருக்களை அதற்குக் கொடுத்துவிடுகின்றன. 2010இல் ஓஸ்லோ பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியன் குண்டர்சனின் குழு எலிகளில் இதைப் பார்த்தது. பளு கொடுத்தபோது உட்கருக்கள் கூடின. பிறகு அந்தத் தசையைச் செயலிழக்க வைத்து அது சுருங்கிய பின்னும், கூடிய உட்கருக்கள் மூன்று மாதம் வரை அப்படியே இருந்தன. புரதம் தயாரிக்கும் ஆள்பலம் குறையாமல் இருப்பதால் மறுபடி வளர்வது எளிதாகிறது என்பது அவர்கள் விளக்கம். மனிதர்களிடமும் இதே கதைதானா என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் வாக்குவாதம் ஓயவில்லை. 2018இல் பிரிட்டனில் ஆடம் ஷார்ப்பிள்ஸின் குழு இன்னொரு வழியைக் காட்டியது: 7 வாரப் பயிற்சி, 7 வார ஓய்வு, மறுபடி 7 வாரப் பயிற்சி. முதல் சுற்றில் சில மரபணுக்களின் மீதிருந்த மெத்தில் குறிகள், அதாவது அவற்றின் செயல்பாட்டை அடக்கி வைக்கும் வேதிக் குறிகள், விலகின. ஓய்வுக்காலத்திலும் அவற்றில் பல அப்படியே விலகி இருந்தன.

எப்படி நடக்கிறது என்பதில் சண்டை இருக்கலாம், நடக்கிறது என்பதில் இல்லை. பின்லாந்தின் யுவாஸ்கூலா பல்கலைக்கழகம் 2024இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு குழு 20 வாரம் தொடர்ந்து எடை தூக்கியது. இன்னொரு குழு 10 வாரம் தூக்கி, 10 வாரம் முழுதாக விட்டு, மறுபடி 10 வாரம் தூக்கியது. கடைசியில் இரண்டு குழுவும் ஏறக்குறைய ஒரே பலத்தில், ஒரே தசை அளவில் வந்து நின்றன. இழந்ததை மீட்க இடைவெளி விட்டவர்களுக்குச் சில வாரங்களே தேவைப்பட்டன.

சரி, இவ்வளவு நல்ல செய்தி இருக்கும்போது பழைய நோட்டை எடுத்துத் தூக்கினால் என்ன? இங்கேதான் வம்பே. பழைய எடைக்கு உடனே தயாராக இல்லாதவை இரண்டு இருக்கின்றன. அவை இரண்டும் வெளியே தெரிவதும் இல்லை.

ஒன்று, வலிக்கு எதிரான பாதுகாப்பு. நீண்ட இடைவெளிக்குப் பிறகு செய்யும் முதல் ஸ்குவாட்டை, அதாவது எடையோடு உட்கார்ந்து எழும் பயிற்சியை, எடுத்துக்கொள்வோம். பாரைத் தோளில் வைத்துக்கொண்டு கீழே இறங்கும்போது முன்தொடைத் தசை இழுபட்டு நீள்கிறது, ஆனால் நீண்டுகொண்டே எடையைத் தாங்கிப் பிடிக்கவும் செய்கிறது. இழைக்குள் வரிசையாகக் கோத்த சார்கோமியர் என்ற நுண்ணிய அலகுகள் எல்லாம் சமமாக நீள்வதில்லை. பலவீனமானவை அளவுக்கு மீறி நீண்டு, அவற்றின் ஒழுங்கு குலைகிறது. மேலே எழும்போது இவ்வளவு சேதம் வராது, இறங்குவதுதான் செலவு. அன்று மாலை ஒன்றும் தெரியாது. மறுநாளிலிருந்து வீக்கமும் அழற்சியும் கூடி, 24 முதல் 72 மணி நேரத்துக்குள் வலி உச்சத்துக்குப் போகும். மாடிப்படி ஏறுவதைவிட இறங்கும்போது தொடை கதறுவதும் இதனால்தான்: அங்கேயும் தசை நீண்டபடியே எடையைத் தாங்குகிறது. ஜிம்களில் இன்னும் இதற்கு லாக்டிக் அமிலத்தைத்தான் குற்றம் சொல்கிறார்கள். அது பயிற்சி முடிந்து ஒரு மணி நேரம் போல ஆனாலே வடிந்துவிடும். இரண்டு நாள் கழித்து வரும் வலிக்கு அதனிடம் பதில் இல்லை.

ஒருமுறை இந்தச் சேதத்தைச் சந்தித்த தசை, அதே வேலையை அடுத்த முறை செய்யும்போது பல மடங்கு குறைவாகவே பாதிக்கப்படுகிறது. அந்தப் பாதுகாப்பு சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள் வரை நீடிக்கும், பிறகு மங்கிவிடும். இதில் எனக்கு முக்கியமாகப் படுவது, அதைப் பெறுவதற்குக் கடும் வலி தேவையே இல்லை என்பது. லேசான எடையில் ஒன்றிரண்டு செட் (இடைவிடாமல் செய்யும் ஒரு சுற்று) செய்தாலே தசை கணிசமான அளவுக்குத் தயாராகிவிடுகிறது. முதல் நாளே பிழிந்து எடுக்கச் சொல்லும் ட்ரெயினர் சும்மா ஒரு வாரத்தை வீணடிக்கிறார்.

வீணாவது வெறும் ஒரு வாரமென்றால் பரவாயில்லை. 2011 ஜனவரியில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக அமெரிக்கன் ஃபுட்பால் அணியினர் சில வார விடுமுறை முடிந்து திரும்பினார்கள். முதல் பயிற்சியிலேயே, தங்கள் அதிகபட்ச எடையில் பாதியை வைத்துக்கொண்டு 100 ஸ்குவாட், நேரம் பார்த்து. 13 பேர் மருத்துவமனையில் சேர வேண்டியதாயிற்று. ராப்டோமயோலிசிஸ்: தசை இழைகள் கூட்டமாக உடைந்து, உள்ளே இருந்த மயோகுளோபின் என்ற புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும் நிலை. அவர்கள் புதியவர்கள் அல்ல, பழகிய வீரர்கள். புதிதாக வந்தவனால் அந்த நூறில் பாதியைக்கூடத் தொட முடியாது, கால் தானே நின்றுவிடும். பழகியவனுடைய நரம்பும் மன உறுதியும் பழையபடியே வேலை செய்வதால் தசையின் தாங்குதிறனைத் தாண்டியும் ஓட்ட முடிகிறது. பயிற்சிக்கு அடுத்த நாள்களில் சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போனால், தசை அளவுக்கு மீறி வீங்கிக் கை கால் மடங்காமல் போனால், வலி மாத்திரை தேடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மற்றொன்று தசைநாண், அதாவது தசையை எலும்போடு கட்டும் கயிறு. அதில் செல்கள் குறைவு, இரத்த ஓட்டமும் குறைவு. எதற்கும் அவசரப்படாத திசு. குதிகாலுக்கு மேலே இருக்கும் அக்கிலீஸ் தசைநாணின் உட்பகுதி சுமார் 17 வயதோடு ஏறக்குறைய உருவாகி முடிந்துவிடுகிறது, பிறகு அதிலுள்ள கொலாஜன் என்ற நார்ப்புரதம் பெரிதாகப் புதுப்பிக்கப்படுவதில்லை என்று 2013இல் டென்மார்க் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கலந்த கார்பனின் தடயத்தை வைத்து இதைக் கண்டுபிடித்த விதமே ஒரு தனிக் கட்டுரைக்கு ஆகும். பளுவுக்கு ஏற்பத் தசைநாண் தன் விறைப்பைக் கூட்டிக்கொள்ளும், ஆனால் தசையைவிடத் தாமதமாக. தசையோ நினைவிருப்பதால் நான்கைந்து வாரத்தில் பழைய எடைக்கு அருகே போய்விடும். இழுக்கிறவன் முழு பலத்தோடு வந்துவிட்டான், கட்டு மட்டும் இன்னும் இறுகவில்லை. தொழில்முறை அமெரிக்கன் ஃபுட்பாலில் 2011இல் முதலாளிகளுக்கும் வீரர்களுக்கும் இடையிலான தகராறில் நான்கு மாதத்துக்கு மேல் அணிப் பயிற்சி நின்றுபோனது. முகாம் திறந்து 29 நாள்களுக்குள் 12 பேருக்கு அக்கிலீஸ் அறுந்தது. அதற்கு முன் வழக்கமாக ஒரு முழுப் பருவத்துக்கே அவ்வளவு நடந்ததில்லை.

ஆக, திட்டத்தை மெதுவாகத் திரும்பும் திசுவைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் ஸ்ப்ளிட் முதலில் அடிபட்டுப்போகிறது. நெஞ்சுக்கு ஒரு நாள், முதுகுக்கு ஒரு நாள், காலுக்கு ஒரு நாள் என்று பிரிக்கும்போது ஒரு தசைக்கு ஒரே நாளில் பன்னிரண்டு பதினைந்து செட் விழுகிறது, பிறகு ஒரு வாரம் ஒன்றுமே இல்லை. பாதுகாப்பு இழந்த தசைக்கு இதைவிட மோசமான ஏற்பாடு இருக்க முடியாது. வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று நாள், ஒவ்வொரு நாளும் முழு உடம்புக்கும் கொஞ்சம் கொஞ்சம் என்ற ஃபுல் பாடி திட்டம் அதே வேலையைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கொடுக்கிறது. வளர்ச்சி குறைந்துவிடுமோ என்ற பயமும் வேண்டாம்: வாரத்தின் மொத்த செட் சமமாக இருந்தால், அதை எத்தனை நாளாகப் பிரித்தாலும் தசை வளர்ச்சியில் பெரிய வித்தியாசம் வருவதில்லை.

முதல் வாரம் ஏதாவது ஒரு ஸ்குவாட் அல்லது லெக் பிரஸ், ஒரு தள்ளும் பயிற்சி, ஒரு இழுக்கும் பயிற்சி, இடுப்பை மடக்கி எழும் ஒன்று; ஒவ்வொன்றிலும் ஒன்றோ இரண்டோ செட். எடை பழைய எடையில் பாதி போல. பத்து ரெப்ஸ் (பத்து முறை) முடித்தபின் இன்னும் நான்கைந்து தாராளமாக வரும் என்று தோன்றும்போது நிறுத்த வேண்டும். நோட்டைப் பார்த்தால் கேவலமாக இருக்கும், அதனால் நோட்டைக் கொஞ்ச நாள் பார்க்காமல் இருப்பதே நல்லது. அமெரிக்காவின் இரண்டு பயிற்சியாளர் சங்கங்கள் சேர்ந்து 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதே திசையில்தான் போகிறது: நீண்ட ஓய்விலிருந்து திரும்பும் வீரர்களுக்கு முதல் வாரம் ஓட்டம் போன்ற தாங்குதிறன் பயிற்சியின் அளவில் 50 சதவீதம், அடுத்த வாரம் 30 சதவீதம் குறைக்கச் சொல்கிறது. அது இளம் விளையாட்டு வீரர்களுக்காக எழுதியது. மற்றவர்கள் இன்னும் நிதானமாக ஏறலாம், ஒரே வாரத்தில் எடையையும் செட்டையும் சேர்த்து ஏற்றாமல்.

இடைவெளி இரண்டு வாரம்தான் என்றால் இவ்வளவு சடங்கு தேவையில்லை. ஒரு வாரம் லேசாகச் செய்துவிட்டுப் பழைய திட்டத்துக்கே போகலாம். மாதக்கணக்கு என்றால் ஃபுல் பாடியில் ஆறு முதல் எட்டு வாரம். நோய், அறுவை சிகிச்சை, பிரசவம் காரணமாக நின்றவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்கக் கூடாது.

உண்மையான சோதனை முதல் வாரத்தில் வருவதில்லை. நான்காவது வாரம் வாக்கில் வருகிறது. எடை சட்டென்று இலேசாகத் தோன்றும், பழைய கணக்கு ஞாபகம் வரும், பக்கத்தில் ஒருவர் தரையிலிருந்து பாரைத் தூக்கும் டெட்லிஃப்ட்டில் பிளேட் ஏற்றிக்கொண்டிருப்பார். அந்த நேரம் கவனிக்க வேண்டியது மூட்டுகளை. தசையின் நடுவில் பரவலாக வலித்து, இரண்டு மூன்று நாளில் போய்விட்டால் கவலையில்லை. முழங்காலுக்குக் கீழே, முழங்கையின் ஓரத்தில், குதிகாலுக்கு மேலே ஒரே இடத்தில் விரல் வைத்துக் காட்டும்படி வலித்தால், காலையில் எழுந்ததும் அந்த இடம் விறைத்திருந்தால், அது தசைநாண் கேட்கும் அவகாசம். எடையை இரண்டு வாரம் அதே இடத்தில் நிறுத்தி வைக்கலாம். முழுதாக விடத் தேவையில்லை, ஏனென்றால் மிதமான பளு இருந்தால்தான் அதுவும் தேறும்.

அடுத்த இடைவெளி எப்படியும் வரும், அதற்கும் ஒரு தகவல் உண்டு. 2011இல் வெளியான ஓர் ஆய்வில் 16 வாரம் கால்களுக்குப் பயிற்சி எடுத்தவர்களில் ஒரு குழுவினர் பிறகு 32 வாரத்துக்கு அதை ஒன்பதில் ஒரு பங்காகக் குறைத்தார்கள்: வாரத்துக்கு ஒரே நாள், மூன்று பயிற்சி, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு செட். 20 முதல் 35 வயது வரையிலானவர்களுக்குத் தசையின் பருமனும் பலமும் நின்றன. 60 முதல் 75 வயதுக்காரர்களுக்குப் பலம் பெருமளவு நின்றது, பருமன் நிற்கவில்லை. அவர்கள் வாரத்துக்கு அந்த ஒரு நாளோடு நிறுத்தாமல் இன்னும் கொஞ்சம் செய்ய வேண்டியிருக்கும்.