சிவப்புக் கேனரி வளர்க்கிறீர்களா?

போன மழைக்காலம் முடிந்த சமயம் ஒரு தம்பி சின்னக் கூண்டோடு என் கிளினிக்குக்கு வந்தார். உள்ளே ஓர் ஆண் கேனரி, வீட்டில் வளர்க்கும் சின்னப் பாட்டுக் குருவி. "வாங்கினப்போ ரத்தச் சிவப்பா இருந்துச்சு டாக்டர். இறகு கொட்டி முளைச்ச பிறகு பாருங்க, வெளுத்துப் போச்சு. ஈரல்ல ஏதாவது கோளாறா?" என்றார். எடை பார்த்தேன், எச்சம் பார்த்தேன், எல்லாம் சரியாகவே இருந்தது. கடைக்காரர் கொடுத்த கலர் ஃபுட் (நிறமி கலந்த தீனி) தீர்ந்ததும் வெறும் விதை மட்டும் போட்டு வந்திருக்கிறார். அவ்வளவுதான் விஷயம்.

கேரட் போன்றவற்றில் உள்ள மஞ்சள், ஆரஞ்சு நிறமிகளைச் சிவப்பாக மாற்றும் திறன் இந்தக் கேனரிக்கு உண்டு. இறகு முளைக்கும் நாட்களில் அந்த நிறமி தீனியில் இருக்க வேண்டும். முளைத்து முடிந்த பிறகு கொடுத்தால் அடுத்த இறகு உதிர்ப்பு வரை காத்திருக்கத்தான் வேண்டும். சாதாரண மஞ்சள் கேனரிக்கோ எத்தனை கேரட் கொடுத்தாலும் இப்படிச் சிவக்காது. அந்தத் திறன் கேனரிக்குச் சொந்தமானதே அல்ல. வேறொரு குருவியிடமிருந்து வந்தது. அந்தக் குருவி இன்று காட்டில் அழியும் நிலையில் இருக்கிறது என்று சொன்னதும் தம்பி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவரிடம் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

அந்தக் குருவியின் பெயர் ரெட் சிஸ்கின். வெனிசுவேலாவில் கார்டெனலிட்டோ என்பார்கள். 10 சென்டிமீட்டர் நீளம்தான் இருக்கும். ஆணுக்குத் தலை கறுப்பு, உடம்பு தணல் போலச் சிவப்பு. அந்த நாட்டின் 100 பொலிவர் நோட்டிலேயே ஒரு காலத்தில் அதன் படம் இருந்தது. 1920களில் ஜெர்மனியின் பிரெமன் நகர ஆசிரியர் ஹான்ஸ் டுங்கர், சிவப்புக் கேனரி உருவாக்கும் முயற்சியில் இதைக் கேனரியோடு இணை சேர்த்தார். கலப்பில் பிறக்கும் பெண் குஞ்சுகள் பெரும்பாலும் மலடு. ஆண்களில் சில இனப்பெருக்கம் செய்யும். அந்த ஆண்களை மறுபடி மறுபடி கேனரியோடு சேர்த்துச் சேர்த்துச் சிவப்பை மட்டும் கேனரிக்குள் கொண்டுவந்தார்கள்.

அதற்கு முன்பே கூண்டு வணிகத்துக்காகச் சிஸ்கினைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். சிவப்புக் கேனரி மோகம் வந்தபின் கேட்கவே வேண்டாம். வெனிசுவேலா 1940களிலேயே சட்டப் பாதுகாப்பு கொடுத்தும் கள்ளச் சந்தை நிற்கவில்லை. முன்பு வாழ்ந்த இடங்களில் பெரும்பாலானவற்றில் இன்று அது இல்லை. டிரினிடாட் தீவில் அறவே போய்விட்டது. நம் கூண்டில் அழகாகத் தெரியும் அந்த நிறத்துக்காகத்தான் அங்கே காடு காலியானது. பறவை வளர்ப்பவர்களை நேசிக்கும் ஒரு மருத்துவராக இதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும்.

அப்புறம் மரபணு ஆய்வுகள் வந்தன. 2016இல் போர்ச்சுகல், அமெரிக்க ஆய்வாளர்கள் சிவப்புக் கேனரி, மற்றக் கேனரிகள், சிஸ்கின் ஆகியவற்றின் மரபணுத் தொகுப்புகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இத்தனை தலைமுறைக்குப் பிறகும் சிஸ்கினிடமிருந்து வந்த துண்டுகள் கேனரிக்குள் தெளிவாகத் தெரிந்தன. அதில் ஒன்றில் இருந்தது சிஒய்பி2ஜே19 என்ற மரபணு. மஞ்சள் நிறமியைச் சிவப்பாக மாற்றும் நொதியை உண்டாக்குவது இதுதான். சிவப்புக் கேனரியின் தோலிலும் ஈரலிலும் இது மும்முரமாக வேலை செய்கிறது. நம் வீடுகளில் சர்வசாதாரணமாக வளரும் சீப்ரா ஃபிஞ்சின் சிவப்பு அலகுக்கும் இதே குடும்ப மரபணுதான் காரணம் என்று அதே ஆண்டில் இன்னொரு குழு காட்டியது. 2020இல், ஆணும் பெண்ணும் வேறு வேறு நிறத்தில் இருக்கும் மொசைக் கேனரிகளை ஆராய்ந்தபோது பிசிஓ2 என்ற இன்னொரு மரபணு சிக்கியது. நிறமியைச் சிதைக்கும் நொதியை உண்டாக்குவது அதன் வேலை. பெண் பறவை ஏன் மங்கலாக இருக்கிறது என்ற பழைய கேள்விக்கு அதில் ஒரு பதில் கிடைத்தது.

"அப்படின்னா நம்ம கேனரியிலிருந்து சிஸ்கினைத் திரும்ப உண்டாக்கிக் காட்டுல விட்டுடலாமே டாக்டர்?" என்றார் தம்பி. நல்ல மனதோடு கேட்டார். முடியாது. கேனரிக்குள் இருப்பது சிஸ்கினின் சில துண்டுகள் மட்டும். எந்தப் பழத்தைத் தின்பது, எங்கே கூடு கட்டுவது, எப்படிக் கூட்டம் சேர்வது என்பதற்கெல்லாம் முழுப் பறவையும் வேண்டும்.

கூண்டில் வளரும் அசல் சிஸ்கின்களைக்கூட அப்படியே காட்டில் விட முடியாது. கலப்பு நடந்திருக்கிறதா, எந்த ஊர்க் கூட்டத்தைச் சேர்ந்தது, உடன்பிறந்தவையே தலைமுறை தலைமுறையாக ஜோடி சேர்ந்திருக்கின்றனவா, நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதல் மூன்றையும் மரபணுச் சோதனை ஓரளவு சொல்லும். வளர்த்தவர் ஒழுங்காக ஏடு வைத்திருந்தால் வேலை பாதியாகக் குறையும். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனமும் வெனிசுவேலாவின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான புரோவிட்டாவும் சேர்ந்து இப்போது இந்த இனத்தை மீட்கப் பாடுபடுகின்றன. 2000ஆம் ஆண்டில் கயானாவின் தெற்கு ருப்புனுனி புல்வெளியில் யாரும் எதிர்பாராத ஒரு கூட்டம் கண்டுபிடிக்கப்பட்டது. ஏற்கெனவே தெரிந்த இடங்களிலிருந்து ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் தள்ளி! அதைக் காத்து வருபவர்கள் அந்த ஊர் மக்களே.

இப்போது நம் கூண்டுகளுக்கு வருகிறேன். ஒரே கூட்டில் பிறந்த அண்ணன் தங்கையை ஜோடி போடுவதை வாரம் ஒருமுறையாவது பார்க்கிறேன். முட்டை பொரியவில்லை, குஞ்சு ஓட்டுக்குள்ளேயே செத்துவிட்டது என்று வந்து மருந்து கேட்பார்கள். இதற்கு மருந்து கிடையாது. கொண்டைக் கேனரியைக் கொண்டைக் கேனரியோடு சேர்க்கவே கூடாது. இரண்டு பக்கமிருந்தும் கொண்டைக்கான மரபணு வந்தால் குஞ்சு பிழைக்காது, நாலில் ஒன்று அப்படித்தான் போகும்.

இன்னொன்று. அசல் ரெட் சிஸ்கின் என்று யாராவது விலை பேசினால் வாங்காதீர்கள். அழியும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருக்கும் பறவை அது. நம் நாட்டுச் சில்லைகளையும் (முனியா) வாங்காதீர்கள். காட்டில் பிடித்த பறவைக்குச் சாயம் பூசி, வெளிநாட்டு ஃபிஞ்ச் என்று விற்றதை நம்பி வாங்கி வந்தவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். மத்திய இந்தியாவிலும் மவுண்ட் அபு பக்கமும் வாழும் பச்சைச் சில்லை, பிடிப்பவர்களால் குறைந்து வருகிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வைத்திருப்பதே குற்றம்.

தம்பி சித்திரை மாதம் மறுபடி வந்தார். கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. குஞ்சுகளின் கால் வளைய எண், தாய், தகப்பன், பொரித்த தேதி எல்லாம் எழுதியிருந்தார். ஒரு பெட்டைக்கு மட்டும் தகப்பன் யாரென்று தெரியாததால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தார்.