மைக் சொருக இடமில்லாத கேமராவும் மெகாபிக்சல் கணக்கும்

ஆடித் தள்ளுபடி முடிந்து ஆவணி முகூர்த்தங்கள் தொடங்கும் இடைப்பட்ட நாட்களில், மதுரையில் நான் நடத்தும் ஒளிப்படப் பயிற்சி வகுப்புக்குப் புதுக் கேமராப் பெட்டியோடு சிலர் வருவது ஆண்டுதோறும் நடப்பதுதான். இந்த ஆண்டு அப்படி வந்தவர்களில் ஆறாவது ஆள், தாயாரையும் உடன் அழைத்து வந்த இருபத்திரண்டு வயது இளைஞர். அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து, மீதிப் பணத்துக்கு மாதத் தவணை போட்டு, இரண்டு லென்ஸ் சேர்ந்த டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி உள்ள, லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா) ஒன்றை வாங்கியிருந்தார். சொந்த ஊரில் கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்று எல்லா விசேஷங்களுக்கும் படமும் வீடியோவும் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பது அவருடைய திட்டம். அதற்காகக் காலர் மைக் ஒன்றையும் தனியாக வாங்கியிருந்தார்.

கேமராவை மேசையில் வைத்து, பக்கவாட்டில் இருந்த ரப்பர் மூடியைத் திறந்தார். உள்ளே எச்டிஎம்ஐ, யூஎஸ்பி துளைகள் மட்டும் இருந்தன. மறுபக்கத்தைப் பார்த்தார், கவிழ்த்து அடிப்பக்கத்தையும் பார்த்தார். கடைசியில் மைக் வயரின் நுனியை விரலிடுக்கில் பிடித்தபடியே, "சார், இதை எங்க சொருகணும்?" என்று கேட்டார். அந்தக் கேமராவில் மைக் சொருகுவதற்கான துளையே கிடையாது என்று சொன்னபோது, மகனை முந்திக்கொண்டு தாயார்தான் பேசினார்: "கடையில இருந்த தம்பி, இதுல எல்லாமே வரும்னுதானே சார் சொன்னாரு?"

கடையில் என்ன விசாரித்தீர்கள் என்று கேட்டால், இவரும் இவருக்கு முன்னால் வந்த ஐவரும் சொன்ன பதில் ஒன்றே: எத்தனை மெகாபிக்சல் என்று கேட்டார்களாம். வேறு எதையும் கேட்கவில்லை. பதினேழு ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன்; மெகாபிக்சல் கூடினால் படத்தின் தரம் கூடும் என்ற நம்பிக்கையைப் போல மக்களின் பணத்தைக் கரைத்த வேறொன்றை நான் கண்டதில்லை. ஆகவே அதை ஒரு முறை கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம்.

ஒரு மெகாபிக்சல் என்றால் பத்து லட்சம் புள்ளிகள். 24 மெகாபிக்சல் என்பது அகலத்தில் 6000 புள்ளிகளும் உயரத்தில் 4000 புள்ளிகளும் கொண்ட படம். நம் ஊர்க் கல்யாண ஆல்பங்களில் பரவலாகப் பயன்படும் 12×36 அங்குலத் தாளில், ஒரு பக்கம் 18×12 அங்குலம். அந்தப் பக்கம் முழுவதையும் ஒரே படத்தால் நிரப்பினாலும், அங்குலத்துக்கு 333 புள்ளிகள் கிடைக்கின்றன. அச்சுக்கு 300 புள்ளிகள் இருந்தால் போதும் என்பதுதான் நாங்கள் வைத்திருக்கும் அளவுகோல். பத்து ஆண்டுகளுக்கு முந்தைய 18 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த படமும் இதே பக்கத்தில் அங்குலத்துக்கு 288 புள்ளிகள் தரும். இரண்டையும் அருகருகே வைத்தால் ஆல்பம் அச்சிடுபவராலேயே வேறுபாடு சொல்ல முடியாது; கல்யாண வீட்டார் எப்படிச் சொல்வார்கள்?

வீடியோவுக்கு வந்தால் இந்தக் கணக்கு இன்னும் சிறுத்துப் போகிறது. முழு எச்டி வீடியோவின் ஒவ்வொரு சட்டமும் (ஃபிரேம்) 1920×1080 புள்ளிகள்தான், அதாவது ஏறக்குறைய 2 மெகாபிக்சல். 4கே வீடியோ கூட 8 மெகாபிக்சலைச் சற்றே தாண்டுகிறது. ஆக, நீங்கள் வீடியோ எடுக்கப் போகிறீர்கள் என்றால், பெட்டியின் மேல் 24 என்று அச்சிட்டிருக்கிறதா 32 என்று அச்சிட்டிருக்கிறதா என்பது உங்கள் முடிவைத் தீர்மானிக்கவே கூடாது. "என் போனிலேயே 108 மெகாபிக்சல் இருக்கிறதே, கேமராவில் ஏன் 24 மட்டும்?" என்றும் மாதம் ஒரு முறையாவது யாராவது என்னிடம் கேட்கிறார்கள். அத்தகைய போன்கள் ஒன்பது புள்ளிகளைச் சேர்த்து ஒன்றாக்கி, வழக்கமாக 12 மெகாபிக்சல் படத்தைத்தான் தருகின்றன. தொடக்கநிலை டிஎஸ்எல்ஆரின் சென்சார் (வெளிச்சத்தைப் படமாக்கும் பகுதி) ஏறக்குறைய 22×15 மி.மீ. பரப்புக் கொண்டது, போனின் சென்சாரைப் போலப் பல மடங்கு பெரியது. மங்கிய வெளிச்சத்தில் முகத்தின் நிறம் கெடாமல் நிற்பதற்குக் காரணம் அந்தப் பரப்புதான், புள்ளிகளின் எண்ணிக்கை அன்று.

படத்துக்கும் வீடியோவுக்கும் ஒரே கேமரா வேண்டும் என்பவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, திரையைப் பார்த்து எடுக்கும்போது ஃபோகஸ் எப்படி வேலை செய்கிறது என்பதாகும். வ்யூஃபைண்டரில் கண் வைத்துப் படம் எடுக்கும்போது, டிஎஸ்எல்ஆரின் உள்ளே சாய்ந்திருக்கும் கண்ணாடி, வெளிச்சத்தில் ஒரு பகுதியை அடியில் உள்ள ஃபோகஸ் பகுதிக்கு அனுப்புகிறது; அதனால்தான் பொத்தானை அழுத்திய கணத்திலேயே ஃபோகஸ் பிடிக்கிறது. வீடியோவுக்கு மாறியதும் அந்தக் கண்ணாடி மேலே மடங்கிக்கொள்கிறது. ஃபோகஸ் பகுதிக்கு வெளிச்சமே போவதில்லை. அந்த நேரத்தில் சென்சாரே ஃபோகஸ் பிடித்தாக வேண்டும். சென்சாரில் அதற்கான ஏற்பாடு இல்லாத கேமரா, லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தித் தேடும். கெட்டிமேளம் முழங்கி மூன்றாவது முடிச்சு விழுகிற நேரத்தில், மணமக்களின் முகம் மங்கி, பின்னால் தொங்கும் பூச்சரம் தெளிவாகி, மறுபடி முகம் திரும்பக் கிடைப்பதற்குள் அட்சதை விழுந்து முடிந்திருக்கும். அந்தத் தருணத்தை மறுபடி நடத்திக் காட்டச் சொல்ல எவராலும் முடியாது.

கேனான் நிறுவனம் 2013-இல் 70டி கேமராவில் கொண்டுவந்த டூயல் பிக்சல் என்னும் முறை, கண்ணாடி மடங்கிய நிலையிலும் ஃபோகஸை நழுவவிடாமல் பிடிக்கிறது. தொடக்கநிலைக் கேமராக்களில் 200டி, 800டி, 200டி மார்க் 2 ஆகியவற்றில் அது இருக்கிறது; அவற்றில் மைக் துளையும் இருக்கிறது. 1500டியில் இவ்விரண்டும் இல்லை. நிகான் டி3500இல் மைக் துளை இல்லை. டி5600இல் மைக் துளை உண்டு என்றாலும், திரை வழியே ஃபோகஸ் பிடிப்பதில் அதுவும் மெதுவானதே. இந்தக் கேமராக்களைக் குறைத்து மதிப்பிடவில்லை. படம் எடுப்பதற்கு மட்டும் என்றால் டி3500 அருமையான கருவி. ஒருமுறை சார்ஜ் செய்தால் 1550 படங்கள் வரை தாங்கும் என்று அளவிடப்பட்டது. படத்துக்கு நல்ல கேமரா வீடியோவுக்கும் நல்லதாகத்தான் இருக்கும் என்று நீங்களாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்பதே நான் கெஞ்சிக் கேட்பது.

4கே இருக்கிறது என்று சொல்லி விற்கப்படும் 200டி மார்க் 2இல், 4கேவுக்கு மாறியதும் டூயல் பிக்சல் ஃபோகஸ் வேலை செய்யாது. காட்சியும் நான்கு புறமும் வெட்டுப்பட்டு, காட்சியை அகலமாகக் காட்டும் 18 மி.மீ. லென்ஸில் எடுத்தாலும் மணமேடை முழுவதும் சட்டத்துக்குள் அடங்காது. அதில் முழு எச்டியிலேயே எடுங்கள். ஃபிளாஷ் ட்ரிகர் (தள்ளி வைத்த ஃபிளாஷை எரிய வைக்கும் கருவி) வைத்து வேலை செய்பவர்களுக்கு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: அதே கேமராவின் ஹாட் ஷூவில் (மேலே ஃபிளாஷ் மாட்டும் இடம்) நடு முனை கிடையாது, எல்லாக் கேமராவுக்கும் பொதுவாக விற்கப்படும் பழைய மலிவான ட்ரிகர்கள் அதில் வேலை செய்யவே மாட்டா.

அடுத்தது லென்ஸ். அந்த இளைஞர் வாங்கியது போன்ற இரட்டை லென்ஸ் பெட்டிகளில் 18-55, 55-250 மி.மீ. என்று இரண்டு லென்ஸ்கள் இருக்கும். இரண்டாவது லென்ஸ் வெயிலில் நடக்கும் தேரோட்டத்துக்கும் ஜல்லிக்கட்டுக்கும் பறவைகளுக்கும் உதவும். கல்யாண மண்டபத்துக்குள் அதனால் பயனில்லை. கிட் லென்ஸை, அதாவது பெட்டியோடு வரும் 18-55ஐ, 55 மி.மீட்டருக்கு நீட்டினால் எஃப்/5.6 அளவுக்குத்தான் திறக்கும்; எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறக்கும். அதே இடத்தில் 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. இரட்டை லென்ஸ் பெட்டியைத் தவிர்த்து, ஒற்றை லென்ஸ் பெட்டியோடு இந்தச் சிறிய லென்ஸை வாங்குங்கள் என்று நான் ஆண்டுக்கணக்கில் சொல்லி வருகிறேன். வீட்டுக்குள் நடக்கும் சிறிய விசேஷங்களில், பின்னால் நகர இடமில்லாததால் 50 மி.மீ. நெருக்கமாகப் படும்; அங்கே கேனானில் 24 மி.மீ. எஃப்/2.8, நிகானில் 35 மி.மீ. எஃப்/1.8 பொருந்தும். நிகானின் டி3000, டி5000 வரிசைக் கேமராக்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. விலை குறைவு என்று பழைய 50 மி.மீ. எஃப்/1.8டி லென்ஸை வாங்கி மாட்டிவிட்டு, ஃபோகஸ் வேலை செய்யவில்லை என்று வந்தவர்களை எண்ணி முடியாது. அவர்கள் வாங்கியிருக்க வேண்டியது, மோட்டார் லென்ஸுக்குள்ளேயே உள்ள எஃப்/1.8ஜி வகை லென்ஸ்.

டிஎஸ்எல்ஆரே வாங்கலாமா என்ற கேள்விக்கும் நேராகப் பதில் சொல்ல வேண்டும். கேனானின் கடைசிப் புது டிஎஸ்எல்ஆரான 850டியும் நிகானின் டி780உம் 2020-இல் வந்தவை; அதன்பிறகு அவ்விரு நிறுவனங்களும் கண்ணாடியில்லாத மிரர்லெஸ் கேமராக்களையே வெளியிடுகின்றன. வீடியோதான் உங்கள் முதன்மை வேலை என்றால், கேனான் ஆர்50, நிகான் இசட்30 போன்றவற்றையும் கையில் வாங்கிப் பார்த்த பிறகே முடிவெடுங்கள். கற்றுக்கொள்வதற்கும், வீட்டில் ஏற்கெனவே லென்ஸ் இருப்பவர்களுக்கும் டிஎஸ்எல்ஆர் இன்றும் நல்ல தேர்வு. செகண்ட் ஹேண்ட் சந்தையில் நல்ல கேமராக்கள் கிடைக்கின்றன. கேனான் லென்ஸ்களைப் பின்னாளில் அடாப்டர் வழியாக மிரர்லெஸ்ஸிலும் மாட்டிக்கொள்ளலாம்.

செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் தயவுசெய்து அவசரப்படாதீர்கள். ரசீதில் உள்ள எண்ணும் கேமராவின் அடியில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். லென்ஸின் பின்புறத்திலிருந்து டார்ச் அடித்து முன்புறம் வழியாகப் பாருங்கள். சிலந்தி வலை போன்ற இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை, விலை எவ்வளவு குறைத்தாலும் வாங்காதீர்கள். எஃப்/16இல் வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கினால், சென்சாரில் உள்ள அழுக்கும் கீறலும் வெளிப்பட்டுவிடும். நிகானில் எடுத்த படத்தின் தகவல்களுக்குள்ளேயே ஷட்டர் எத்தனை முறை இயங்கியது என்ற எண்ணிக்கை பதிவாகியிருக்கும். கேனானின் தொடக்கநிலைக் கேமராக்களில் அது படத்தில் பதிவாவதில்லை; விற்பவர் சொல்லும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். பேட்டரி உப்பியிருந்தால் அதைப் பயன்படுத்தவே கூடாது.

வாங்கிய கேமராவைத் தோல் பையோடு பீரோவுக்குள் பூட்டி வைக்காதீர்கள். மழைக்காலம் கழிந்து எடுக்கும்போது லென்ஸுக்குள் பூஞ்சை படர்ந்திருக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். நிறம் மாறியதும் அதைச் சூடாக்கி மறுபடி பயன்படுத்தலாம். அரிசிக்குள் புதைத்து வைக்கும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள், அரிசித் தூசி உள்ளே போய்விடும். தொடக்கநிலைக் கேமராக்களில் மெமரி கார்டுக்கு ஒரே இடம்தான் உண்டு என்பதால், முகூர்த்தம் முடிந்ததும் கார்டை மாற்றிவிடுங்கள். பழைய கார்டைச் சட்டைப் பையில் போடாமல் அதற்கான டப்பாவில் வையுங்கள். வீடியோ அமைப்பை முதல் நாளே பால் (PAL) என்னும் வீடியோ முறைக்கு மாற்றி, நொடிக்கு 25 சட்டங்கள், ஷட்டர் 1/50 நொடி என்று வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; 30 சட்டங்களில் எடுத்தால் டியூப் லைட்டின் துடிப்பு வீடியோவில் அலை அலையாகத் தெரியும்.

அந்த இளைஞருக்குக் கேமராவை மாற்றித் தரக் கடையில் மறுத்துவிட்டார்கள். பெட்டி பிரித்தாகிவிட்டது என்பது காரணம். இந்த ஆவணிக்கு அவர் படம் மட்டும் எடுக்கிறார். வீடியோ கேட்பவர்களுக்கு, டூயல் பிக்சல் உள்ள கேமரா ஒன்றை நாள் வாடகைக்கு எடுத்துக்கொள்கிறார். உள்ளூரிலேயே வாடகைக்குக் கேமரா கிடைக்கிறது என்பதை வாங்குவதற்கு முன் அவருக்கு யாரும் சொல்லவில்லை. சங்கிலியை அடகு வைப்பதற்கு முன்னால், வாங்க நினைக்கும் அதே கேமராவை இரண்டு நாள் வாடகைக்கு எடுத்து, ஒரு நாள் மண்டபத்திலும் ஒரு நாள் வீட்டுக்குள்ளும் பயன்படுத்திப் பாருங்கள். கடைக்குப் போகும்போது உங்கள் மைக்கையும் ஒரு மெமரி கார்டையும் கையோடு கொண்டு போங்கள். மைக்கைச் சொருகுங்கள், உடன் வந்தவரைக் கடையின் கடைசி அலமாரியிலிருந்து கேமராவை நோக்கிப் பேசிக்கொண்டே நடந்து வரச் சொல்லி, ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள், அந்தக் கார்டைக் கடையிலுள்ள கணினியில் போட்டு, முகம் தெளிவாக நிற்கிறதா, பேச்சு கேட்கிறதா என்று பார்த்த பிறகு பணத்தை எடுங்கள்.