குதிகாலுக்கு மேலே ‘பட்’ என்று சத்தம் கேட்டால் நீவாதீர்கள்

மறுபடியும் ஒருவர். நாற்பதைத் தொட்ட வயது, வாரக் கடைசியில் மட்டும் ஷட்டில் ஆடுபவர். வலையோரம் விழுந்த இறகுப்பந்தை எடுக்கப் பாய்ந்தபோது குதிகாலுக்கு மேலே ‘பட்’டென்று சத்தம். கூட்டாளி மட்டையால் அடித்துவிட்டார் என்று நினைத்துத் திரும்பியிருக்கிறார். பின்னால் யாருமே இல்லை. அதற்குப் பிறகு ஆறு வாரம் எண்ணெய், ஒத்தடம், சுளுக்கு வழிப்பவர். என்னிடம் வரும்போது மாடிப்படி ஏற முடியவில்லை, அந்தக் காலை ஊன்றி நுனிக்காலில் எழும்ப முடியவில்லை.

குப்புறப் படுக்கவைத்து, பாதங்கள் கட்டிலுக்கு வெளியே தொங்க, இரண்டு ஆடுசதைகளையும் மாறி மாறி அழுத்தினேன். நல்ல காலில் பாதம் கீழ்நோக்கி நீண்டது. மற்றதில் அசைவே இல்லை. குதிகாலுக்கு மூன்று விரற்கடை மேலே என் கட்டைவிரல் ஒரு பள்ளத்தில் இறங்கியது. ஆடுசதையைக் குதிகால் எலும்போடு பிணைக்கும் கயிறு போன்ற அக்கிலிஸ் தசைநாண் முழுதாக அறுந்திருந்தது. இதைக் கண்டுபிடிக்க ஸ்கேன்கூடத் தேவைப்படவில்லை.

ஆடுசதை என்பது முக்கியமாக இரண்டு தசைகள். மேலே இருக்கும் காஸ்ட்ராக்னீமியஸ் முழங்காலுக்கு மேலே தொடை எலும்பில் தொடங்குகிறது. அதன் அடியில் இருக்கும் சோலியஸ் முழங்காலுக்குக் கீழே. இரண்டும் கீழே ஒன்றுசேர்ந்து, உடலிலேயே தடித்த தசைநாணாகிக் குதிகால் எலும்பில் பற்றிக்கொள்கின்றன. அந்தப் பற்றுமிடத்துக்கு 2 முதல் 6 சென்டிமீட்டர் மேலே இரத்த ஓட்டம் குறைவு. பெரும்பாலும் அறுவது அங்கேதான்.

இனி, எனக்கு அலுத்துப்போன வாதத்துக்கு வருகிறேன். “விரல் அசைகிறதே டாக்டர், நடக்கவும் முடிகிறதே, எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார்களே!”

எக்ஸ்ரே காட்டுவது எலும்பை. தசைநாண் இரண்டாக அறுந்து கிடந்தாலும் எலும்பு ஒழுங்காகத்தான் இருக்கும். விரலை அசைப்பது அக்கிலிஸின் வேலையே இல்லை. கெண்டைக்காலின் ஆழத்திலிருந்து மூன்று தசைநாண்கள் உள்கணுக்காலுக்குப் பின்னால் இறங்கிப் பாதத்துக்குள் போகின்றன: ஒன்று பெருவிரலை மடக்க, ஒன்று மற்ற விரல்களை மடக்க, ஒன்று பாதத்தின் வளைவைத் தாங்க. வெளிக்கணுக்காலுக்குப் பின்னாலும் இரண்டு உண்டு. இந்த ஐந்துமே பாதத்தைக் கொஞ்சம் கீழ்நோக்கி இழுக்கக்கூடியவை. அக்கிலிஸ் அறுந்த பிறகும் கட்டிலில் படுத்தபடி பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக்காட்டுவது இவற்றின் உபயம். சமதரையில் மெல்ல நடப்பதற்கும் இவை போதும். ஒற்றைக் காலில் உடல் எடை முழுவதையும் குதிகாலிலிருந்து தூக்க மட்டும் இவற்றால் ஆகாது. ஆகவே, நடக்க முடிவதை வைத்துத் தசைநாண் முழுசாக இருக்கிறது என்று முடிவுகட்டாதீர்கள். முதல் நாளின் வலி இரண்டொரு நாளில் குறைவதும் ஏமாற்றும். எண்ணெய்க்குப் பெயர் கிடைப்பது அதனால்தான்.

அவசரப் பிரிவில் இருக்கும் இளைய மருத்துவர்களுக்கும் ஒரு வார்த்தை: கணுக்கால் வீங்கி வருபவரை நாற்காலியில் உட்காரவைத்தே பார்த்து அனுப்பாதீர்கள். குப்புறப் படுக்கவைக்க அரை நிமிடம் போதும்.

நீவினால் என்ன ஆகிவிடும் என்று கேட்கிறார்கள். அறுந்த முனைகள் பழைய தேங்காய் நார்க் கயிறுபோலப் பிரிந்து கிடக்கின்றன. நீவுபவர் பாதத்தை மேல்நோக்கி மடக்கி இழுக்கும்போது அவை இன்னும் விலகுகின்றன. வாரக்கணக்கில் போனால் தசை மேலே சுருங்கிவிடும், இடைவெளியில் தழும்புத் திசு வளர்ந்து நாண் நீண்டுவிடும். நீண்ட நாணால் உந்த முடியாது. உடனே வந்திருந்தால், பாதத்தைக் கீழ்நோக்கி வைத்து மாவுக்கட்டோ, குதிகால் உயர்த்திய காலணியோ போட்டே பலருக்குக் குணப்படுத்த முடியும். தேவையென்றால் நேரடியாகத் தைத்துவிடலாம். தாமதமாக வந்த இவருக்குப் பெருவிரலை மடக்கும் தசைநாணை எடுத்துக் குதிகாலில் பொருத்த வேண்டியிருக்கிறது. இன்னொன்று: அடிபட்டு முடங்கியிருக்கும் காலில் சில நாட்கள் கழித்து ஆடுசதை வீங்கி வலித்தால், அது சிரைக்குள் இரத்தம் உறைந்ததாகவும் இருக்கலாம். அதை அழுத்தித் தேய்ப்பது உயிருக்கே ஆபத்து.

சத்தம் கேட்டதா? ஆட்டத்தை நிறுத்துங்கள். காலை ஊன்றாதீர்கள். துணியில் சுற்றிய ஐஸ் வைக்கலாம். பாதம் தானாக எப்படித் தொங்குகிறதோ அப்படியே, விரல்கள் கீழ்நோக்கி இருக்கும்படி கட்டிக்கொண்டு அன்றே, முடியாவிட்டால் மறுநாளாவது எலும்பு மருத்துவரைப் பாருங்கள். சுளுக்கு வழிப்பவர்களிடமும் கெஞ்சிக் கேட்கிறேன்: எண்ணெயைத் தொடும் முன் ஆடுசதையை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். பாதம் அசையவில்லை என்றால் ஆளை மருத்துவமனைக்கு அனுப்பிவிடுங்கள்.

ஐந்து நாள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு ஆறாம் நாள் நேராகக் களத்தில் குதிப்பவர்களே, பத்து நிமிடம் உடலைச் சூடேற்றிக்கொண்டால் குறைந்துவிட மாட்டீர்கள். குதிகால் நாண் வலிக்கு அந்த இடத்திலேயே ஸ்டீராய்டு ஊசி போடச் சொல்லிக் கேட்காதீர்கள். சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக் மாத்திரைகளுக்கும் இந்த நாணைப் பலவீனப்படுத்தும் தன்மை உண்டு. வயது அறுபதைத் தாண்டியவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் அபாயம் கூடுதல். அவற்றைச் சாப்பிடும்போது குதிகாலுக்கு மேலே வலி எடுத்தால் அடுத்த வேளை மாத்திரையை விழுங்கும் முன் மருத்துவரை அழையுங்கள். சீட்டில்லாமல் கடையில் வாங்கி விழுங்குபவர்களுக்கு, அழைக்க எந்த மருத்துவர் இருக்கிறார்?