இரண்டாவது ஊசி யாருக்கு?

"ஊசிய யார்கூடயாவது மாத்திப் போட்டிருக்கீங்களா?" என்று ஊசி வழியாகப் போதை மருந்து எடுக்கும் பெண்களிடம் கேட்டால் பலர் இல்லை என்றுதான் சொல்வார்கள். அது பொய் இல்லை. வீட்டுக்காரர் போட்டுவிட்டது அவர்கள் கணக்கில் 'மாத்திப் போட்டதில்' சேராது. அதனால் கேள்வியை உடைத்துக் கேட்க வேண்டும். ஊசியைப் போட்டுவிடுவது யார்? அவர் போட்டுக்கொண்ட பிறகா, முன்பா? மருந்து கலக்கிய ஸ்பூன் ஒன்றா, இரண்டா? சிரிஞ்ச் கழுவிய தண்ணீர் யாருடையது? நாலாவது கேள்விக்குள் பதில் மாறிவிடும்.

உலகில் ஊசி வழியாகப் போதை எடுப்பவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் பெண். இவர்களில் பலருக்கு முதல் ஊசியைப் போட்டுவிட்டது கணவர் அல்லது காதலர். மருந்து வாங்கி வருவதும் அவர், கலக்குவதும் அவர், முதலில் போட்டுக்கொள்வதும் அவர். மிச்சமும் அதே சிரிஞ்சும் அவளுக்கு. ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள ஆபத்து வித்தியாசத்தில் இந்த வரிசைக்கும் முக்கியப் பங்கு உண்டு.

நரம்பில் ஏறியதா என்று பார்க்க பிஸ்டனைக் கொஞ்சம் பின்னுக்கு இழுப்பார்கள். ரத்தம் உள்ளே வரும். மருந்து முழுவதும் இறங்கிய பிறகும் சிரிஞ்சில் ஊசி பொருந்தும் கழுத்தில் ஒரு சிறு துளி தங்கிவிடும். ஊசியைத் தனியே கழற்றக்கூடிய சிரிஞ்சில் இந்த மிச்சம் அதிகம். ஊசியோடு ஒட்டியே வரும் இன்சுலின் சிரிஞ்சில் மிகக் குறைவு. ஆய்வுக்கூடச் சோதனையில் சிரிஞ்சுக்குள் தங்கிய, ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸ் 63 நாள் வரை உயிரோடு இருந்திருக்கிறது. தண்ணீரில் இரண்டு முறை அலசினால் கண்ணுக்குத் தெரியும் ரத்தம்தான் போகும். ஆளுக்கொரு புது ஊசி வைத்திருந்தாலும், போட்ட ஊசியை மறுபடி ஒரே ஸ்பூனில் முக்கினால் ஸ்பூனும் மருந்தை வடிகட்டும் பஞ்சும் தண்ணீரும் சேர்ந்து கெட்டுவிடும்.

உடம்பும் இதில் பெண்ணுக்குச் சாதகமாக இல்லை. கை நரம்பு மெல்லியது, தோலுக்கடியில் கொழுப்பு சற்று அதிகம். ஒரே தடவையில் நரம்பு கிடைக்காமல் நாலைந்து இடத்தில் குத்துவார்கள். மருந்து வெளியே கசியும், சீழ்க்கட்டி வரும். தானாகப் போட்டுக்கொள்ள முடியாததால் அடுத்தவர் கையை நம்ப வேண்டியிருக்கிறது. ஹெபடைடிஸ் சி விஷயத்தில் விநோதம் ஒன்று உண்டு. தொற்றிய வைரஸை மருந்தில்லாமலே உடம்பு விரட்டிவிடுவது பெண்களிடம் அதிகம். ஆனால் ஊசி போடுபவர்களில் புதிதாகத் தொற்றுவதும் பெண்களிடமே அதிகம்.

ஊசியே போடாத மனைவியும் இதற்கு வெளியே இல்லை. மணிப்பூரில் எச்ஐவி தொற்றிய ஊசிப் போதையாளர்களின் மனைவியரைப் பரிசோதித்த ஓர் ஆய்வு 2000-இல் வெளியானது. அவர்களில் 45 சதவீதம் பேருக்குத் தொற்று இருந்தது. ஆகவே தொற்றைத் தடுக்க ஆணுக்குப் புது ஊசி கொடுக்கும்போது ஆணுறையையும் சேர்த்துக் கொடுங்கள். மனைவிக்கு நம்பிக்கை மையத்தில் (அரசின் எச்ஐவி பரிசோதனை மையம்) பரிசோதனை செய்வதையும் தள்ளிப்போட வேண்டாம்.

கர்ப்பம்தான் அதிகம் தவறு நடக்கும் இடம். ஹெராயின் போன்ற மருந்துகள் மாதவிடாயை நிறுத்திவிடும், அல்லது தாறுமாறாக்கும். 'வரவில்லை, அதனால் கரு நிற்காது' என்று நினைத்திருப்பவருக்கு ஐந்தாம் மாதத்தில்தான் தெரியவரும். தெரிந்ததும் குடும்பம் செய்யும் முதல் காரியம், அறையில் பூட்டி ஒரேயடியாக நிறுத்த வைப்பது. அதைச் செய்யாதீர்கள், போதையைத் திடீரென நிறுத்துவதால் வரும் விலகல் வேதனையில் கரு கலையலாம், குறைப்பிரசவமும் ஆகலாம். மருத்துவர் மேற்பார்வையில், ஹெராயினுக்குப் பதிலாகக் கொடுக்கும் புப்ரெனார்ஃபின் அல்லது மெத்தடோன் மாற்று மருந்துக்கு மாற்றுவதே சரியான வழி. கடைசி மூன்று மாதத்தில் அளவைக் கூட்ட வேண்டியும் வரலாம். அதை நோய் முற்றியதாகப் பார்க்கக் கூடாது. பிறந்த குழந்தைக்குப் பெரும்பாலும் முதல் மூன்று நாளுக்குள் கீச்சென்ற அழுகை, நடுக்கம், பால் இழுக்காமை தெரியும். நாலைந்து நாளாவது மருத்துவமனையில் வைத்துப் பார்க்க வேண்டும். இதற்குச் சிகிச்சை உண்டு. எச்ஐவி இல்லாத தாய், மாற்று மருந்து சாப்பிட்டுக்கொண்டே பால் கொடுக்கலாம். ஹெபடைடிஸ் சி இருந்தால் குழந்தைக்குப் போகும் வாய்ப்பு நூற்றில் ஐந்து அளவுதான். தாய்க்கான மாத்திரையைப் பிரசவத்துக்குப் பிறகு தொடங்குவது வழக்கம். 2018-இல் தொடங்கிய தேசிய ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அது இலவசம். ஈரல் சுருங்காதவருக்கு 12 வாரம் போதும்.

ஆண்களிடம் சாவு வேறு வாசலில் நிற்கிறது. அளவு மீறி இறப்பவர்களில் ஆண்களே அதிகம். சிறையிலிருந்தோ மறுவாழ்வு மையத்திலிருந்தோ வந்தவருக்கு முதல் இரண்டு வாரம் மிக ஆபத்தானது. உடம்பு பழக்கம் விட்டிருக்கும், கை பழைய அளவையே எடுக்கும். தமிழ்நாட்டில் வலி நிவாரண மாத்திரையைக் கரைத்து ஏற்றும் இளைஞர்கள் செய்திகளில் அடிக்கடி வருகிறார்கள். மாத்திரையில் உள்ள டால்க் போன்ற நிரப்பிகள் கரையாது. நுரையீரலின் நுண்ணிய குழாய்களை அடைக்கும். அளவு மீறி மூச்சு மந்தமாகி உதடு நீலமானால் 108-ஐக் கூப்பிட்டு, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மருத்துவமனையில் போதையை முறிக்கும் நலாக்சோன் போட்டு எழுந்து உட்கார்ந்தாலும் உடனே வீட்டுக்கு அழைத்து வரக் கூடாது. அதன் வேலை ஒரு மணி நேரம் போல்தான், போதை மருந்து அதையும் தாண்டி நிற்கும்.

மாற்று மருந்து மையங்களில் புப்ரெனார்ஃபினை நாக்கடியில் வைத்து, கரையும்வரை ஊழியர் முன்னால் உட்கார வேண்டும். ஆணுக்கு அது ஒரு கால் மணி நேர வேலை. கைக்குழந்தையோடு ஆண்கள் கூட்டத்துக்கு நடுவே தினமும் உட்காரப் பல பெண்களால் முடியாது. வாரத்தில் இரண்டு நாளாவது பெண்களுக்குத் தனி நேரம், ஒரு பெண் ஊழியர், குழந்தையை விட ஒரு பாய் இருந்தால் கதை மாறும். இப்போதைக்கு 14446-லும் (போதை மீட்பு) 1097-லும் (எச்ஐவி) பேசலாம். பேர் சொல்லத் தேவையில்லை.