வணிகத் தூது, முதலீட்டுத் தூது

ஒரு மாநிலத்தின் அல்லது மாகாணத்தின் முதலமைச்சர், அதிகாரிகளையும் தொழில் முனைவோரையும் உடன் அழைத்துக்கொண்டு வெளிநாடு சென்று, தம் மண்ணின் பொருள்களுக்குச் சந்தை தேடுவதையும் தம் மண்ணுக்கு முதல் தேடுவதையும் ஆங்கிலத்தார் ‘மிஷன்’ என்ற சொல்லால் குறிப்பர். நம் செய்தித்தாள்களில் இதற்கு நிலையான பெயர் இல்லை. ‘வெளிநாட்டு விஜயம்’, ‘சுற்றுப்பயணம்’, ‘வர்த்தகத் தூதுக்குழு’, ‘முதலீட்டு ஊக்குவிப்புப் பயணம்’ என்று நாளுக்கொரு பெயர் வருகிறது. இவை ஒரே பொருளைத் தருவன அல்ல. இந்தச் செயலுக்கு ‘வணிகத் தூது’ என்பதும், முதல் தேடிச் செல்வதே தலையாய நோக்கமாயின் ‘முதலீட்டுத் தூது’ என்பதும் பொருத்தமான பெயர்கள் என்பது என் கருத்து. அதற்கான காரணங்களைச் சொற்களின் வரலாற்றிலிருந்தே காட்ட விரும்புகிறேன்.

‘மிஷன்’ என்பதன் வேர் இலத்தீன் மொழியில் ‘அனுப்பு’ எனப் பொருள்படும் ‘மித்தெரே’ என்னும் வினை. அனுப்புதல் என்ற தொழிற்பெயராக ‘மிஸ்ஸியோ’ பிறந்தது. இயேசு சபைத் துறவிகள் சமயப் பணிக்காகப் பிற நாடுகளுக்கு அனுப்பப்பட்ட 16ஆம் நூற்றாண்டில் இச்சொல் ஐரோப்பிய மொழிகளில் பரவலாயிற்று. அரச தூதுக்குழுக்களையும் வணிகக் குழுக்களையும் குறிப்பது அதன் பின்னர் வந்த விரிவு. யாழ்ப்பாணத்தில் இச்சொல்லுக்குத் தனி வரலாறு உண்டு. 1816இல் அமெரிக்க மிஷனரிமார் இங்கு வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் நிலையங்கள் அமைத்த காலத்திலிருந்து, ‘மிசன்’ என்றால் நம்மவர் மனத்தில் எழுவது பாடசாலையும் ஆசுப்பத்திரியும் தேவாலயமும்தான். ஆகவே ‘வர்த்தக மிஷன்’ என்று எழுத்துப்பெயர்த்து எழுதினால், இங்குள்ள முதியவர் ஒருவருக்கு அது சமய நிறுவனம் ஒன்றின் வியாபாரப் பிரிவு போலத் தோன்றக்கூடும்.

‘விஜயம்’ என்பது வடமொழியில் வெற்றியைக் குறிப்பது. வெற்றியுலா வந்த மன்னரின் வருகைக்கு வழங்கிய உயர்வுச் சொல், இலங்கைச் செய்தித் தமிழில் எந்த அலுவலரின் வருகைக்கும் உரியதாகிவிட்டது. போகும் முன்பே வென்றுவிட்டதாகச் சொல்வது, கேட்டுப் பெறப் போகிறவருக்கு ஒவ்வாது. ‘பயணம்’ என்பதில் அப்படிக் குற்றம் இல்லை. ஆனால் அது போதாது. திருத்தல யாத்திரையும் பயணம், உறவினர் வீட்டுக் கலியாணத்துக்குப் போவதும் பயணம். யார் அனுப்பினார், யாரிடம் போனார், என்ன கேட்டார், என்ன மறுமொழி வந்தது என்ற நான்கு வினாக்களையும் கேட்பவர் மனத்தில் எழுப்பவல்ல சொல் ஒன்று வேண்டும். அது தூது.

வடமொழியிலும் ‘தூத’ என்ற சொல் உண்டு. இருக்கு வேதம் அக்கினியைத் தூதனாகவே அழைக்கிறது. தமிழில் கிடைக்கும் மிகப் பழைய நூலான தொல்காப்பியமும் ‘ஓதல் பகையே தூதிவை பிரிவே’ என்று, தலைவன் தலைவியைப் பிரிந்து செல்லும் காரணங்களுள் ஒன்றாகத் தூதைச் சொல்கிறது. கற்கப் போவது, போருக்குப் போவது, தூது போவது ஆகிய மூன்றையும் ஒரு வரியில் வைத்த அந்நூல், பொருள் தேடிப் போகும் பிரிவை வேறாகவே பேசுகிறது. அக்காலத்தில் அரசனுக்காகப் போவது தூது, வீட்டுக்காகப் போவது பொருள்வயிற் பிரிவு. இன்றைய முதலமைச்சர் ஒருவர் போவதோ நாட்டுக்காகப் பொருள் தேடி. இரண்டு பிரிவுகளும் ஒன்றாகிவிட்ட இந்தச் செயலுக்கு, இரண்டையும் இணைத்த ‘வணிகத் தூது’ என்ற தொடர் இயல்பாகவே அமைகிறது.

அதியமான் நெடுமான் அஞ்சிக்காகத் தொண்டைமானிடம் ஒளவையார் சென்ற செய்தியைப் புறநானூற்றின் 95ஆம் பாட்டு தருகிறது. திருக்குறளின் 69ஆம் அதிகாரம் முழுவதும் தூதுக்கே உரியது. அதற்கு உரை எழுதிய பரிமேலழகர் தூதரை இரு வகையாக்கினார்: தான் வகுத்துக் கூறுவான் ஒருவன், கூறியது கூறுவான் மற்றவன். முன்னவனுக்கு இடமும் காலமும் அறிந்து தானே பேச்சை வகுக்கும் உரிமை உண்டு. பின்னவன் சொல்லி அனுப்பியதைக் குறையாமலும் கூட்டாமலும் சேர்ப்பிப்பவன். ஏறக்குறைய 700 ஆண்டுகளுக்கு முன் செய்த இப்பகுப்பு, இன்று வெளிநாடு செல்லும் மாகாணத் தலைவர்களை விளங்கிக்கொள்வதற்கு எத்தனை பயன்படுகிறது என்பதைக் கீழே காட்டுவேன். ‘கடனறிந்து காலங் கருதி இடனறிந்து எண்ணி உரைப்பான் தலை’ என்ற குறளில் வரும் கடன், காலம், இடன் ஆகிய மூன்றும் இன்றைய முதலீட்டுப் பேச்சுகளுக்கும் அப்படியே பொருந்துவன.

தூது என்றால் காதல் தூதுதானே நினைவுக்கு வருகிறது, கிளியையும் நெஞ்சையும் மேகத்தையும் விடுத்த சிற்றிலக்கியங்களின் சொல் அல்லவா என்று கேட்போர் உண்டு. ஆனால் தூதுவர், தூதுவராலயம், துணைத்தூதரகம் என்ற சொற்களை நாம் ஐயமின்றி நாள்தோறும் ஆள்கிறோம். யாழ்ப்பாணத்திலுள்ள இந்தியத் துணைத்தூதரகத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்து எவரும் கிளியை நினைப்பதில்லை. அரசுத் தூதும் காதல் தூதும் ஒரே சொல்லில் நெடுங்காலம் முரணின்றி வாழ்ந்திருக்கின்றன.

வணிகத்துக்காக அரசு தூது அனுப்பிய செய்தி நம் வரலாற்றில் உண்டு. சோழர் சீனத்துக்கு அனுப்பிய தூதுகளைச் சொங் அரசின் ஏடுகள் குறித்துள்ளன. 1077இல் முதலாம் குலோத்துங்கன் காலத்தில் போன குழுவில் 72 பேர் இருந்தனர். சீன ஏடுகள் அவற்றைத் திறை செலுத்த வந்தவையாக எழுதின என்றாலும், கொண்டு போன கண்ணாடிப் பொருள்களும் கற்பூரமும் யானைத் தந்தமும், அங்கிருந்து பெற்றுவந்த செம்புக் காசுகளும், அவை வணிகமே என்பதைக் காட்டுகின்றன. இலங்கைத் தீவிலிருந்து 1283இல் யாப்பகூவ அரசன் முதலாம் புவனேகபாகு எகிப்தின் சுல்தானிடம் அனுப்பிய தூது இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு. முத்தும் மாணிக்கமும் யானையும் கறுவாவும் தன்னிடம் உண்டு என்று எடுத்துச் சொல்லி வணிக உறவு கேட்ட அந்த ஓலை, இன்று அரசுகள் அச்சிடும் முதலீட்டுக் கையேடுகளின் மூதாதை என்று சொல்லத்தக்கது.

தூது அனுப்புவது ஒரு வழி. வருகிறவருக்கு முன்கூட்டியே நிலையான சொல்லைக் கொடுத்து வைப்பது மற்றொரு வழி. அதற்குச் சான்று நம் நயினாதீவிலேயே கல்லில் உள்ளது. 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு அது. பிற நாட்டு வணிகர் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்து தங்க வேண்டும், அவர்களுக்குக் காப்பளிக்கப்பட வேண்டும் என்று அது சொல்கிறது. யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் சேதமுற்றால் காற்பங்கு அரசுக்கு, முக்காற்பங்கு உரியவனுக்கு. வேறு சரக்குக் கொண்டுவரும் கலம் சேதமுற்றால் சரிபாதி. அரசன் எதை விரும்பினானோ அதற்குச் சலுகை கூடுதல். இன்று முதலீட்டுச் சபைகள் விரும்பிய துறைக்கு வரிச் சலுகை கூட்டுவதற்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடில்லை. எந்தத் தூதும் கைக்கொண்டு போக வேண்டியது இத்தகைய தெளிவான விதியைத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நாட்டுத் தலைவர் அல்லாத, ஒரு பகுதியின் தலைவர் இப்பணியில் இறங்குவது பிற்காலத்து வழக்கம். வட கரோலைனாவின் ஆளுநர் லூதர் ஹொட்ஜஸ் 1959இல் ஐரோப்பாவுக்கு வணிகக் குழுவை நடத்திச் சென்றதை அமெரிக்க மாநிலங்களில் இதற்கு முன்னோடியாகச் சொல்வர். 1994இல் கனடாவின் பிரதமர் மாகாண முதல்வர்களையும் சேர்த்துக்கொண்டு சீனத்துக்குப் போன குழு ‘ரீம் கனடா’ (கனடா அணி) எனப் பெயர் பெற்றது. தமிழ்நாட்டின் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 2022இல் துபாய், அபுதாபிக்கும், 2023இல் சிங்கப்பூர், ஜப்பானுக்கும், 2024இல் ஸ்பெயினுக்கும் பின்னர் அமெரிக்காவுக்கும் இந்நோக்கத்துடன் சென்றார். அவருக்கு முன் எடப்பாடி கே. பழனிசாமி 2019இல் பிரித்தானியா, அமெரிக்கா, ஐக்கிய அரபு அமீரகம் சென்றிருந்தார். இந்தியாவிலும் இலங்கையிலும் வெளிநாட்டலுவல்கள் மத்திய அரசுக்கு உரியவை. மாநிலமோ மாகாணமோ பிற நாட்டுடன் தானே ஒப்பந்தம் செய்ய முடியாது. ஆயினும் காணி, மின்சாரம், தொழிற்பேட்டை, உள்ளூர் அனுமதி ஆகியவற்றில் சொந்த அதிகாரம் பெற்ற இந்திய மாநில முதலமைச்சர் ஓரளவுக்குத் தான் வகுத்துக் கூறுவான் ஆகிறார். நம் வட மாகாண சபைக்கு 2013 செப்டெம்பரில் தேர்தல் நடந்து, க.வி. விக்னேஸ்வரன் முதலமைச்சராக இருந்தபோது 2017 ஜனவரியில் கனடா சென்றார். மார்க்கம் நகரத்துக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே உறவு உடன்படிக்கை ஒன்று அப்போது உருவானது. புலம்பெயர்ந்தோரிடமிருந்து நிதி பெறுவதற்கென முதலமைச்சர் நிதியம் ஒன்றை அமைக்க அவரது சபை எடுத்த முயற்சிக்கோ கொழும்பின் இசைவு கிடைக்கவில்லை. பேச்சை வகுக்கும் ஆற்றல் இருந்தும் கூறியது கூறுவானாக நிற்க வேண்டிய நிலை அது. 2018 ஒக்டோபரில் அச்சபையின் காலம் முடிந்தது. அனுப்புவதற்குரிய சபையே இல்லாத மாகாணத்திலிருந்து எவர் தூது போவது என்ற கேள்வி நம் முன் நெடுநாளாக நிற்கிறது. ‘பயணம்’ என்று எழுதும்போது மறைந்துவிடும் இந்தக் கேள்வி, ‘தூது’ என்று எழுதும்போது தானே வெளிப்படுகிறது.

முன்னொட்டாக வரும் சொல்லைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வர்த்தகம், வியாபாரம் இரண்டும் வடசொல் வழி வந்தவை; இரண்டாவதை நாம் ‘யாவாரம்’ என்று நம் நாவுக்கேற்ப ஆக்கிக்கொண்டோம். வாணிகம், வணிகம் என்பன குறளும் சங்கப் பாட்டும் ஆண்டவை. ‘வாணிபம்’ என்ற வடிவத்தை விலக்குவது நல்லது.

‘முதலீடு’ என்ற சொல்லில்தான் சற்று நின்று பார்க்க வேண்டும். ஆங்கிலச் சொல்லின் வேர் ‘ஆடை உடுத்து’ எனப் பொருள்படும் இலத்தீன் வினை. பணத்துக்கு வேறு உருவம் உடுத்துவது என்ற பொருள் இத்தாலிய வணிகரிடம் தோன்றி, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்கிந்திய வணிகத்தின் வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. தமிழ்ச் சொல் அதன் மொழிபெயர்ப்பன்று. முதல் என்பது வளர்ச்சிக்கு அடியாக உள்ள பொருள். ‘முதலிலார்க்கு ஊதியம் இல்லை’ என்பது குறள். கெடு கேடு ஆவது போலவும் சுடு சூடு ஆவது போலவும், இடு என்ற வினை நீண்டு ஈடு ஆயிற்று. எனவே முதலை இடுதலே முதலீடு. இதே ஈடு யாழ்ப்பாணத்துக் காணி வழக்கில் வேறொரு பொருளிலும் வாழ்கிறது. காணியை ஈடு வைத்துக் காசு வாங்குவோம். அதற்கு எழுதும் பத்திரம் ஈட்டு உறுதி. ஒற்றியும் அறுதியும் போல ஈடும், காணிப் பத்திரம் எழுதும் நம் நொத்தாரிசுமாரின் அன்றாடச் சொல். அங்கும் அடிப்பொருள் இடுதலே: வாங்கிய கடனுக்கு எதிராக ஒன்றைக் கொண்டுவந்து வைத்தல்.

இட்டால்தான் ஈடு. தலைவர் ஒருவர் வெளிநாட்டில் ஒரு நிறுவனத்துடன் புரிந்துணர்வு உடன்படிக்கை கைச்சாத்திட்ட அன்றே, ‘இத்தனை கோடி முதலீடு கிடைத்தது’ என்று தலைப்பிடுவது சொல்லுக்கே மாறானது. இட எண்ணியிருப்பதாக ஒருவர் சொன்னார் என்பதே அந்த நாளின் செய்தி. அதனை ‘முதலீட்டு வாக்குறுதி’ என்று எழுதலாம். ‘முதலீட்டு உறுதி’ என்று சுருக்குவது இந்த ஊரில் பொருந்தாது. நமக்கு உறுதி என்றால் பதிவு செய்த சாசனம், அப்படி எழுதினால் காரியம் முடிந்துவிட்டதாகவே வாசகர் கொள்வார். பணம் வந்து, காணி ஒதுக்கப்பட்டு, வேலை தொடங்கிய பிறகே ‘இட்ட முதல்’ என்ற கணக்கு உண்மையாகிறது. வாக்குறுதி, ஒப்புதல், இட்ட முதல் ஆகிய மூன்றையும் வேறு வேறாக எழுதும் வழக்கம் வந்தால், தூதின் பயனை மூன்று ஆண்டு கழித்தும் மக்கள் அளந்து பார்க்க முடியும். ‘ஆக்கம் கருதி முதலிழக்கும் செய்வினை’யில் அறிவுடையார் இறங்கார் என்று குறள் சொல்வது இடுகிறவருக்கு மட்டும் உரியதன்று, வரிச் சலுகையும் கடற்கரைக் காணியும் கொடுத்து முதலை அழைக்கும் மாகாணத்துக்கும் அவை முதலே.

இனி வழக்குக்கு வருவோம். செயலைச் சொல்லும்போது ‘வணிகத் தூது’ அல்லது ‘முதலீட்டுத் தூது’ என்றும், செல்வோரைச் சொல்லும்போது ‘தூதுக்குழு’ என்றும், குழுவில் உள்ள ஒவ்வொருவரையும் ஈழத்தில் ஏற்கெனவே நிலைத்துள்ள ‘பேராளர்’ என்ற சொல்லாலும் குறிக்கலாம். குழுவை நடத்துபவர் ‘தூதுத் தலைவர்’. ஒரு மாகாணம் பிற நாட்டில் நிலையாக வைத்திருக்கும் அலுவலகம், கனடாவின் கியூபெக் மாகாணம் 1961 முதல் பாரிஸ் நகரில் வைத்திருப்பது போன்றது, ‘வணிகத் தூதகம்’ ஆகும். வணிகர் சங்கங்கள் அரசின் பொறுப்பின்றித் தாமே ஏற்பாடு செய்து வெளிநாட்டுக் கண்காட்சிகளுக்குப் போவதற்கு இச்சொற்களை ஆள வேண்டியதில்லை. அங்கு அனுப்பியவர் எவரும் இல்லை. ‘வணிகப் பயணம்’ என்பதே அதற்குச் சரியான பெயர்.